நாற்பத்தாறு டைல்

எங்கே போனாலும் மேஸ்திரியின் கண் முதலில் தரைக்குத்தான் போகும். பேங்க், பள்ளிக்கூடம், சொந்தக்காரர் வீடு என்று வித்தியாசமே கிடையாது. உள்ளே நுழைந்ததும் குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவார். அடியில் கலவை சரியாக நிறையாத டைல் என்றால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். "அடி காலியா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் வீட்டுக்காரர்களை நலம் விசாரிப்பார். இருபத்தெட்டு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு அந்தப் பழக்கம் எங்கே போகும்?

நுரையீரலில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான். மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரியோ அந்த அறையின் மூலையில் வெட்டிப் பொருத்தின டைல் ஒன்று கோணலாக உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் முகத்தைப் பார்க்கத் தெம்பு வரவில்லை. பார்ப்பதற்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

முதலில் கீமோ. கட்டி சுருங்கியதும் ஆபரேஷன் செய்து வலது நுரையீரலின் மேல் பாகத்தை எடுத்துவிடலாம். ஆனால் மிச்சமிருக்கிற நுரையீரல் ஆளைத் தாங்க வேண்டும். தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஆறு நிமிஷம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போகிறார் என்று அளப்பார்கள். மேஸ்திரி முந்நூற்றுப் பத்து மீட்டர் நடந்து, சுவரில் சாய்ந்துவிட்டார். ஆபரேஷன் டாக்டர் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானூறாவது வேண்டும், இல்லாமல் மேஜையில் படுக்கவைக்க மாட்டேன் என்றார். மூன்று கீமோ முடிவதற்குள் நானூறு வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் நாலாவது கீமோவும் போட்டுவிட்டு ஒருமுறை பார்க்கலாம். அதற்கும் வராவிட்டால் ஆபரேஷன் பேச்சை விட்டுவிட வேண்டியதுதான். அதுவரைக்கும் கீமோ ஒரு பக்கம், உடற்பயிற்சி ஒரு பக்கம்.

கீமோ எடுக்கிற ஆளை யாராவது உடற்பயிற்சி செய்யச் சொல்வார்களா என்று மனைவிக்கு ஒரே சந்தேகம். படுத்து ஓய்வெடுத்தால்தானே உடம்பு தேறும் என்று கேட்டாள். படுத்தே இருந்தால் கால் தசை கரைந்துபோகும், அப்புறம் எழுந்து நிற்கவே மூச்சு வாங்கும் என்றார் டாக்டர். கூட வந்திருந்த மச்சினனுக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க மாமா நேரா நடந்தே நான் பார்த்ததில்ல டாக்டர். முட்டி போட்டுப் பின்னாடியே போற ஆளு அவர்."

அது பொய்யில்லை. டைல் ஒட்டுகிறவன் ஒட்டின இடத்தில் கால் வைக்க முடியாது. உள்சுவரில் ஆரம்பித்து, முட்டி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து வாசலுக்கு வந்து சேருவான். ஒரு நாள் முழுக்க உழைத்தால் ஒரு ஹாலின் நீளம். ஆறு நிமிஷத்தில் நானூறு மீட்டர் என்பது மேஸ்திரிக்கு வேறு யாரோ செய்கிற வேலை.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கோடியில் பயிற்சி அறை. நகராத சைக்கிள் இரண்டு, இழுக்கிற ரப்பர் பட்டைகள், ஏறி இறங்க ஒரு மரப்பெட்டி. செவ்வாயும் வெள்ளியும் போக வேண்டும். அங்கே இருந்த பிசியோ சின்ன வயசுப் பெண். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். சிரித்து யாரும் பார்த்ததில்லை. நடைச் சோதனையின்போது அவளும் பேச மாட்டாள், நடக்கிறவரையும் பேச விட மாட்டாள். நிமிஷத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரே குரலில், "நல்லா நடக்கிறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு," "நல்லா நடக்கிறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்பாள். தள்ளாடிக்கொண்டு போகிறவரிடமும் அதே வாசகம்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி சொன்னால்தான் அளவு சரியாக வருமாம். நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஆறு நிமிஷம்'.

அந்தப் பெயரை வைத்தவர் தபால்காரர். அவருக்கும் அதே நோய், அதே டாக்டர், அதே நானூறு. ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம் பாக்கி. முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்தவன், ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்து பாஸ் பண்ண வேண்டியிருக்கே என்று சொல்லிச் சிரிப்பார். மேஸ்திரியை முதல் நாளே சைக்கிளில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இருவரும் பெடலை மிதித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். பேச்சு வராமல் மூச்சு முட்டினால் வேகம் அதிகம், பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது என்பது பிசியோவின் கணக்கு. தபால்காரர் அவளை வெறுப்பேற்றுவதற்கென்றே இரண்டு வரி பாடுவார். அவள் ஒன்றும் சொல்லாமல் வந்து சைக்கிளை ஒரு திருகு இறுக்கிவிட்டுப் போவாள்.

கீமோ ஏற்றிய மூன்றாம் நாளிலிருந்து நாக்கில் ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. கால் இரண்டும் ஈர சிமெண்ட் மூட்டை. அப்படியிருந்தும் மேஸ்திரிக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது. படுப்பார், எழுந்திருப்பார், ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார். மனைவி காகிதக் கப் கம்பெனியில் பேக்கிங் வேலை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, இன்றைக்கு மாடிப்படி எத்தனை தடவை என்று கேட்பாள். மூன்று மாடி. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிக்கொண்டே ஏற வேண்டும். முதல் வாரத்தில் ஒரு மாடிக்கே கைப்பிடியில் தொங்கினார். ஆறாவது வாரத்தில் மூன்று மாடியும் ஏறி, கதவைத் திறக்கச் சாவியைத் தேடுகிற அளவுக்கு மூச்சு மிச்சம் இருந்தது.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு மறுபடி சோதனை வைத்தார்கள். முந்நூற்று எண்பத்துநாலு. மனைவி அந்தத் தாளைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினாள். இன்னும் பதினாறு மீட்டர்தான், அது நம்ம வாசலிலிருந்து மளிகைக் கடை தூரம்கூட இல்லை என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் அந்த வினை வந்தது.

பயிற்சி அறையில் சைக்கிள் காலியாக இல்லை. மேஸ்திரி வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். சோதனை நடக்கிற வராண்டா அதுதான். இந்தக் கோடியில் ஒரு மஞ்சள் டேப், அந்தக் கோடியில் ஒரு மஞ்சள் டேப். நடுவில் முப்பது மீட்டர். போனால் ஒன்று, திரும்பி வந்தால் இரண்டு என்று தடவைகளை எண்ணி முப்பதால் பெருக்கிவிடுவார்கள். அவர் கண் வழக்கம்போலத் தரையில் ஓடியது. அந்தக் கோடியில் மூலை உடைந்த டைல் ஒன்று உண்டு. வந்த முதல் நாளே அதைப் பார்த்து, ஒட்டினவனை மனசுக்குள் திட்டியிருந்தார். அன்றைக்கு மஞ்சள் டேப் அந்த உடைந்த டைலை ஒட்டித்தான் இருந்தது. அது நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது டேப் இந்தப் பக்கம் தள்ளி இருந்தது.

மேஸ்திரி எழுந்து போய்ப் பார்த்தார். நடுவில் நாலு டைல் வித்தியாசம். உடைந்த டைலின் ஓரத்தில் பழைய பசையின் தடம் லேசாகத் தெரிந்தது. போன மாதம் மிஷின் போட்டுத் தரையைக் கழுவினார்கள். டேப் பிய்ந்து வந்திருக்கும். யாரோ குத்துமதிப்பாகத் திரும்ப ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அறுபது சென்டி டைல். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் எண்ணினார். நாற்பத்தாறு. திரும்ப வந்து எண்ணினார். நாற்பத்தாறுதான். ஐம்பது இருந்தால்தான் முப்பது மீட்டர். நாற்பத்தாறு என்றால் இருபத்தேழு மீட்டர் அறுபது சென்டி. அப்படியானால் அவர் நடந்த முந்நூற்று எண்பத்துநாலு வெறும் முந்நூற்று ஐம்பத்துமூன்று. மளிகைக் கடை திடீரென்று ஊர்க்கோடிக்குப் போய்விட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். அப்புறம், "இதை நீங்க யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. மச்சினன் இன்னும் ஒரு படி மேலே போனான். ஆஸ்பத்திரிக்காரன் அளந்த அளவை டைல்ஸ் ஒட்டுகிறவர் திருத்துவாரா, எவன் வந்து எண்ணப்போகிறான் என்றான்.

ஆனால் மேஸ்திரிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், ஒரேயடியாகவே போனாலும் போகும். சொல்லாவிட்டால் தாங்காத உடம்போடு மேஜையில் படுக்க வேண்டும். படியில் ஏறும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும், இறங்கும்போது வேண்டாம் என்று தோன்றும். இரண்டு நாள் இப்படி அலைந்த பிறகு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். டேப் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். தான் நிஜமாகவே நானூறு மீட்டர் நடந்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குட்டை வராண்டாவில் அதற்குப் பதினாலரை தடவை போக வேண்டும். தாளில் நானூற்று முப்பத்தைந்து என்று வரும். வரட்டும்.

பதினாலரை. அந்த எண் அவரைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஷூ வாங்கினார். மாடிப்படி ஐந்து தடவை ஆனது. மூன்றாவது கீமோ ஏற்றிய நாளில் மருந்துக் குழாய் மாட்டின ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே கட்டிலைச் சுற்றி நடந்தார். நர்ஸ் வந்து உட்காரவைத்தாள். அவள் போனதும் மறுபடி எழுந்தார். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் கூட்டத்தில் போகக்கூடாது, வீட்டிலேயே மெதுவாகச் செய்யுங்கள் என்று பிசியோ சொல்லியிருந்தாள். அந்த வாரம் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடந்தே மனைவியின் தலையைச் சுற்றவைத்தார். அவர் பார்த்துப் பார்த்து ஒட்டின தரை அது. தேய்ந்துவிடும் போலிருக்கிறது என்றாள் அவள்.

சோதனை நாள் வந்தது. முதலில் தபால்காரர். மேஸ்திரியும் மனைவியும் பெஞ்சில். தபால்காரர் கையை வீசி, வாயைக் குவித்து ஊதிக்கொண்டு போனார், வந்தார். "நல்லா நடக்கிறீங்க. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு." பதிமூன்றரை தடவை. பிசியோ தாளில் எழுதினாள். நானூற்று ஐந்து. தபால்காரர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே மூச்சிரைக்க மகனுக்குப் போன் போட்டார். "பாஸ்டா" என்றார். முகத்தை வராண்டா ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேஸ்திரி பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து அந்தக் கோடி டேப்பைப் பார்த்தார். இருபது நாளாகத் தன் நானூறைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, இந்த வராண்டாவில் வேறு ஆட்களும் நடக்கிறார்கள் என்பது அதுவரை உறைக்கவே இல்லை. மனசில் எங்கேயோ தெரிந்துதான் இருக்கும். ஆனால் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் முறை வந்தது. நடந்தார். ஷூவின் கீழே டைல்கள் ஓடின. எட்டாவது தடவையில் நெஞ்சு அடைத்தது, பத்தாவதில் கொஞ்சம் விட்டது. பன்னிரண்டு, பதிமூன்று. பதினாலாவது தடவை டேப்பைத் தொடவும் பிசியோ நில்லுங்கள் என்று சொல்லவும் சரியாக இருந்தது. அவள் அவர் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டிவிட்டு, தாளைப் பார்த்து, முதல்முறையாகச் சிரித்தாள். "நானூத்தி இருபது சார்."

மனைவி கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வேறு ஒரு சேதியும் இருந்தது. வாயைத் திறக்காதீர்கள்.

மேஸ்திரி மூச்சு அடங்கக் காத்திருந்தார். தபால்காரர் இன்னும் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், அந்த டேப் தப்பா ஒட்டியிருக்கு."

என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மேஸ்திரி எழுந்துபோய் உடைந்த டைலைக் காட்டினார். பசைத் தடத்தைக் காட்டினார். நாற்பத்தாறு டைல், இருபத்தேழு அறுபது என்றார். அவள் ஸ்டோர் ரூமுக்கு ஓடி அளவு டேப் எடுத்துவந்தாள். ஒரு முனையை மேஸ்திரி முட்டி போட்டுப் பிடித்தார். மாதக்கணக்கில் முட்டி போடாத கால், பழகின இடத்துக்கு வந்த மாதிரி மடங்கியது.

"இருபத்தேழு அறுபத்தொன்பது" என்றாள் அந்தக் கோடியிலிருந்து.

"டைலுக்கு டைல் நடுவுல ஜாயிண்ட் இடைவெளி இருக்கில்ல. அதை நான் சேர்க்கல" என்றார் மேஸ்திரி.

அவள் பெருக்கிப் பார்த்தாள். மேஸ்திரிக்கு முந்நூற்று எண்பத்தெட்டு. தபால்காரருக்கு முந்நூற்று எழுபத்துநாலு. பேனாவை மூடி, திறந்து, மூடினாள். பிறகு, "உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி போய்விட்டது. "இருபது நாளாத் தெரியும்."

"இந்த இருபது நாள்ல இங்க நாலு பேர் நடந்திருக்காங்க சார்." குரலை உயர்த்தவில்லை. நிமிஷம் சொல்கிற அதே குரல். "நல்லவேளை, யாரும் இன்னும் ஆபரேஷனுக்குப் போகல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

தபால்காரர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க மேஸ்திரி தரையைப் பார்க்கலாம் என்றால், தரையில்தான் அந்த டேப் கிடந்தது.

"என் அளவைத் திருத்தச் சொல்லி நான் உங்களைக் கேட்டேனா மேஸ்திரி?" என்றார் தபால்காரர். போனைப் பையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டார்.

வண்டியில் வீட்டுக்கு வரும்போது மச்சினன்கூட ஜோக் அடிக்கவில்லை. மனைவி இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். தட்டு வைத்தால் தட்டு, மாத்திரை என்றால் மாத்திரை. மூன்றாம் நாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. படி எத்தனை தடவை என்று கேட்டாள். சொன்னார். "இங்க அம்பது கப்தான் ஒரு கட்டு. நாப்பத்தாறு வச்சு அனுப்பினா மறுநாளே கட்டு திரும்பி வந்துடும்" என்றாள். போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் வந்ததும் தன் போனில் ஆறு நிமிஷம் வைத்துவிட்டு, குடியிருப்பின் வராண்டாவில் அவரை முன்னால் நடக்கவிட்டாள்.

நாலாவது கீமோ உடம்பை உலுக்கிவிட்டது. அதற்கு முன்னால் சேர்த்த தெம்பில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு வாரம் ஒரு மாடிக்கே நின்று நின்று ஏறினார். இதுதான் கடைசித் தவணை என்கிற நினைப்பு தலைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. பயிற்சி அறையில் தபால்காரர் வந்து உட்காருவார், மிதிப்பார், போவார். பேச்சு இல்லை, பாட்டும் இல்லை. மேஸ்திரி பக்கத்து சைக்கிளில் உட்கார்ந்தால் அவர் பெட்டியில் ஏறி இறங்கப் போய்விடுவார். பிசியோ மட்டும் யாரையும் எதையும் விடவில்லை. இருவருக்கும் வாரத்துக்கு ஒரு திருகு இறுக்கினாள்.

மூன்று வாரம் கழித்துக் கடைசிச் சோதனை. வராண்டாவில் டேப்புக்குப் பதிலாக மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டிருந்தார்கள். உடைந்த டைலை ஒட்டி. மேஸ்திரி அரைமணி முன்னாலேயே வந்து எண்ணி முடித்திருந்தார்.

இந்த முறை அவர்தான் முதலில். நீள வராண்டாவில் பதிமூன்று தடவையும் ஒரு பதினேழு டைலும் போனால் நானூறு. ஆறாவது தடவையில் தொடை இரண்டும் நெருப்பாக எரிந்தது. நிற்க வேண்டும் போலிருந்தது. வாயைக் குவித்து ஊதினார். ஊதிக்கொண்டே போனார். "நல்லா நடக்கிறீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு." அந்த வாசகம் இப்போது அவருக்கு வேறு மாதிரி கேட்டது, நிஜமாகவே பாராட்டுகிற மாதிரி. பதிமூன்றாவது கோட்டில் திரும்பினார். நில்லுங்கள் என்ற குரல் வந்தபோது நடுவராண்டாவில் நின்றார். பிசியோ அளவு டேப்போடு வந்து காலடி வரை அளந்தாள்.

"நானூத்தி ஏழு."

மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். தேடினது கிடைக்கவேயில்லை. பிசியோ அங்கிருந்தே டாக்டருக்குப் பேசினாள். பிறகு வந்து, மற்ற சோதனைகளும் சரியாக இருந்தால் அடுத்த மாத ஆரம்பத்தில் ஆபரேஷன் என்றாள். கத்தி, மயக்கம், அதற்கப்புறம் மறுபடி முதல் மாடியிலிருந்து ஏறத் தொடங்குவது. மேஸ்திரியின் கால் பெஞ்சுக்குக் கீழே மறுபடி ஆட ஆரம்பித்தது.

அடுத்து தபால்காரர். கோட்டில் வந்து நின்றார். ஷூ நாடாவை இழுத்துக் கட்டினார். நிமிரும்போது, மேஸ்திரியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டார்.

"அம்பதா?"

மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்பது. காலையில ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

"அந்த ஜாயிண்ட்டோடவா?"

"ஜாயிண்ட்டோடதான்."

தபால்காரர் தலையாட்டினார். பிசியோ ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினாள். இனி ஆறு நிமிஷம் யாரும் பேசக்கூடாது. மேஸ்திரி விரலை மடக்கி எண்ணினார். ஐந்து, ஆறு. தபால்காரரின் உதடு வெளுத்தது, வேகம் குறைந்தது, மறுபடி ஏறியது. பத்து, பதினொன்று. "நல்லா நடக்கிறீங்க. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு." பன்னிரண்டு. பதிமூன்றாவது கோட்டில் தபால்காரர் திரும்பியபோது ஸ்டாப்வாட்ச்சில் இன்னும் கொஞ்சம் நொடிகள் இருந்தன. எத்தனை என்று பெஞ்சிலிருந்து தெரியவில்லை.

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். விரலில் மாட்டியிருந்த கிளிப் கழன்று விழுந்தது. மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. தபால்காரரின் ஷூவுக்குக் கீழே ஓடுகிற டைல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்று. பதினாலு. பதினைந்து.